விற்றோமா, பொறுப்பேற்றோமா? ஒப்பந்தத்தைக் கணினியில் பதியும் முன் ஒரு கேள்வி

யாழ்ப்பாணத்தில் குளிரூட்டி, ஜெனரேட்டர், நீர்ப்பம்பி, சீசீரீவி கமரா விற்கும் எம்மவர் கடைகள் பலவற்றில் கணக்குக் கொப்பியின் இடத்தைக் கணினி பிடித்துவிட்டது. பொருளை விற்பதோடு, "மூன்று வருடம் நாங்களே வந்து சேவிஸ் செய்து தருவோம்" என்றும் எழுதிக் கொடுக்கிறோம். அதைப் பதிய வரும்போது கணக்கெழுதும் பையன் கேட்கிறான்: "முதலாளி, இதைச் சேல்ஸில போடவா, சேவிஸில போடவா?"

"எதிலயாவது போடு தம்பி, காசு வந்தாச் சரி" என்பதே எம்மில் பலரின் பதில். அந்தப் பதிலுக்குள் ஒரு நட்டம் ஒளிந்திருக்கிறது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

விற்பனை ஒப்பந்தம் பொருளைப் பற்றியது. இத்தனை பொருள், இன்ன விலை, இன்ன திகதிக்குள் என்று பேசுகிறோம். பொருள் கைமாறியதும் எமது கடமை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

சேவை ஒப்பந்தம் காலத்தைப் பற்றியது. காசு முதல் நாளே வந்தாலும் கடமை கடைசி நாள்வரை எம் தலையில் நிற்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். நல்லூர்த் திருவிழாக் காலத்தை நம்பி ஒருவர் தங்குவிடுதி நடத்துகிறார். அவருக்கு 10 குளிரூட்டிகளை 20 இலட்சம் ரூபாவுக்குக் கொடுக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என மூன்று வருடம் பராமரிக்க மேலும் 3,60,000 ரூபாவை முற்கூட்டியே வாங்குகிறோம்.

முழுத் தொகையையும் விற்பனையாகப் பதிந்தால் அந்த மாதமே 23,60,000 ரூபா வருமானம் என்று கணினி காட்டும். முதலாளி மகிழ்ந்து கொழும்புக்குப் புதிய ஓடர் கொடுத்து, பின்திகதியிட்ட காசோலையும் எழுதிவிடுவார். உண்மையில் பராமரிப்புப் பணத்தில் மாதம் 10,000 ரூபாதான் எமது உழைப்பு. முதல் வருடம் முடியும்போதும் 2,40,000 ரூபா வாடிக்கையாளர் எம்மிடம் வைத்த முற்பணமாகவே இருக்கும். அது இலாபமல்ல, கடன்.

மறுபக்கப் பிழையும் உண்டு. எல்லாவற்றையும் சேவையாகப் பதிந்தால் 10 குளிரூட்டிகள் இருப்பிலிருந்து கழியாது. களஞ்சியம் வெறுமையாக இருக்கும், கணினியோ பொருள் இருக்கிறது என்று சொல்லும்.

2022 தந்த பாடம்

2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் சுமார் 360 ரூபாவுக்கு ஏறியதை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முன்னர் பொருளை விற்று முடித்தவருக்கு அந்த வியாபாரத்தில் புதிய சுமை இல்லை. உதிரிப்பாகமும் சேர்த்து ஒரே விலையில் மூன்று வருடச் சேவைக்குக் கையெழுத்திட்டவர் நிலை வேறு. உதிரிப்பாகம் விலை ஏறியது, மெக்கானிக்கை அனுப்பப் பெற்றோல் இல்லை, வாடிக்கையாளரோ ஒப்பந்தத்தைக் காட்டுகிறார். வாங்கிய முற்பணத்தை இலாபம் என்று செலவழித்திருந்தால் கைக்காசைப் போட்டே வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.

மென்பொருள் செய்யும் உதவி

மும்பையில் உருவான, இலவசமாகவும் கிடைக்கும் ஈஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். குறித்த காலத்துக்குள் குறித்த விலையில் பொருள் கொடுக்கும் உடன்பாட்டுக்கு அதில் 'பிளாங்கெட் ஓடர்' இருக்கிறது. சேவைக்கு 'மெயின்டனன்ஸ் ஷெட்யூல்' தனியாக உண்டு. தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, எத்தனை தடவை என்று கொடுத்தால், போக வேண்டிய நாட்களை அதுவே வரிசைப்படுத்தும். ஒவ்வொரு இயந்திரத்தின் தொடர் இலக்கத்தோடும் உத்தரவாதம் முடியும் நாளையும் பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் நாளையும் பதிந்து வைக்கலாம். முற்பணத்தை மாதம் மாதமாக வருமானத்தில் சேர்க்கும் வசதியும் இருக்கிறது.

வேறு மென்பொருள் வாங்குபவர்களும் விற்பனையாளரிடம் இந்த வசதிகளைக் கேட்டுப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

எதைத் தெரிவு செய்வது?

மூன்று கேள்விகள் போதும். காசு பொருளுக்கா, காலத்துக்கா? பொருளைக் கொடுத்த பின்னும் நாம் போக வேண்டிய நாட்கள் இருக்கின்றனவா? வாடிக்கையாளர் இடையில் நிறுத்தினால் மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வருமா? பின்னைய இரண்டில் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்றால் அந்தப் பகுதி சேவை ஒப்பந்தம்.

இரண்டும் கலந்திருந்தால் இரண்டாகப் பிரித்துப் பதியுங்கள். 20 இலட்சம் விற்பனை, 3,60,000 சேவை. பழுதில்லாத பொருள்தான் என்று கொடுக்கும் சாதாரண உத்தரவாதம் விற்பனையோடு சேர்ந்தது, அதைப் பிரிக்க வேண்டாம். தனியாகக் காசு வாங்கும் பராமரிப்பே பிரிக்கப்பட வேண்டியது. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். 15 என்னும் இலங்கைக் கணக்கீட்டு நியமமும் இதே வழியைத்தான் காட்டுகிறது.

வற் வரிக்குப் பதிந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் வற் 18 சதவீதம். வருமானத்தை மூன்று வருடத்துக்குப் பகிர்ந்தாலும் வரியையும் அப்படிப் பகிரலாம் என்று எண்ணிவிடாதீர்கள். முழுப் பணத்துக்கும் முன்கூட்டியே பட்டியல் எழுதும் முன் உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக, கணினியில் சரியாகப் பதிந்தால் மட்டும் போதாது. ஒப்பந்தத் தாளிலும் உதிரிப்பாகம் யார் செலவு, விலை எப்போது மாற்றப்படும் என்பவற்றை எழுதுங்கள். எமது உப்புக்காற்றில் வெளியே நிற்கும் இயந்திரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அந்தச் செலவு யாருடையது என்பதை முதல் நாளே பேசிவிட்டால் மனக்கசப்பு வராது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். விற்றதை விற்றதாகவும், பொறுப்பேற்றதைப் பொறுப்பாகவும் எழுதுங்கள். நாளைக்கு அந்தப் பையன் அதே கேள்வியைக் கேட்டால், ஒப்பந்தத் தாளை வாங்கி ஒரு தடவை வாசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.