மணிக்கூண்டைச் சுற்றி ஒரு நடை

வெளியூர் வியாபாரி திண்டுக்கல்லுக்குக் கொள்முதலுக்கு வருகிறார். விடியற்காலையில் வெங்காயப் பேட்டையில் விலை பேசி முடித்து, மூட்டை எண்ணி, லாரிக்குச் சொல்லிவிட்டால் காலை 9 மணிக்கெல்லாம் வேலை தீர்ந்துவிடுகிறது. ஊர் திரும்பும் வண்டியோ மதியத்துக்கு மேல்தான். இடைப்பட்ட நேரத்தை என்ன செய்வது? கமிஷன் மண்டித் திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். பிறகு பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் புறப்படுகிறார். இருபது ஆண்டுகளாக இந்த ஊருக்கு வந்துபோகும் ஒருவர், "கோட்டையைப் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி" என்று நம்மிடம் சொன்னார். வெளியூர்க்காரரை ஏன் சொல்ல வேண்டும்? உள்ளூரில் கடை வைத்திருக்கும் நம்மில் எத்தனை பேர் மலை ஏறியிருக்கிறோம்?

மணிக்கூண்டிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் சுமார் 2 கிலோமீட்டருக்குள் ஒரு கோட்டை, ஒரு பள்ளிவாசல், ஒரு பேராலயம், மூன்று நான்கு பெரிய கோயில்கள் இருக்கின்றன. தெலுங்கு, உருது, சௌராஷ்டிரம், தமிழ் என்று வீட்டுக்குள் பேசும் மொழியும் தெருவுக்குத் தெரு மாறுகிறது. இவ்வளவு பேர் ஒரே ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதை அந்தக் கட்டடங்களே சொல்லும்.

முதலில் மலை. திண்டு போலக் கிடக்கும் கல் என்பதால் திண்டுக்கல் என்று பெயர் வந்ததாகச் சொல்வது வழக்கம். மதுரை நாயக்கர் மரபைச் சேர்ந்த முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் இங்கே கோட்டை எழுப்பத் தொடங்கினார். திருமலை நாயக்கர் அதை வலுப்படுத்தினார். இந்த மொட்டைப் பாறையில் கோட்டை எதற்கு என்று கேட்டால், பதில் வியாபாரிக்கு உடனே விளங்கும். ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் பழனி மலைத்தொடர். மைசூர், கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் இந்த இடைவெளி வழியாகத்தான் வர வேண்டும். படை வரும் வழியும் அதுதான், பொதிமாடு வரும் வழியும் அதுதான். கோட்டை காத்தது அந்த வழியை.

1755இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக ஹைதர் அலி இங்கே வந்தார். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தேர்ந்த கைவினைஞர்களை அழைத்து இந்த ஊரில் ஆயுதச்சாலை அமைத்தார். பின்னாளில் மைசூரையே ஆண்டவருக்கு முதல் படிக்கட்டு நம் ஊர்தான். சிவகங்கைச் சீமை 1772இல் பறிபோனபின் ராணி வேலு நாச்சியார் அடைக்கலம் தேடி வந்ததும் இந்த வட்டாரத்துக்குத்தான். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் இடம் கொடுத்தார். ஹைதர் படையுதவி செய்தார். ராணி ஹைதரிடம் உருது மொழியிலேயே பேசினார் என்று சொல்வார்கள். 1780இல் அவர் சிவகங்கையை மீட்டார். கோட்டை 1790இல் கும்பெனியார் கைக்குப் போயிற்று. 1792 உடன்படிக்கையில் அது உறுதியாயிற்று. இடம் கொடுத்த கோபால் நாயக்கரைக் கும்பெனியார் 1801இல் தூக்கிலிட்டார்கள். கோபாலசமுத்திரம் குளக்கரையில்தான் அது நடந்தது என்பது ஊர் வழக்கு. அந்த வழியாகத் தினமும் சரக்கு வண்டி போகிறது.

மலை ஏறுவதானால் வெயிலுக்கு முன் ஏறிவிட வேண்டும். பாறையில் வெட்டிய படிகள் வழுக்கும். செருப்பைவிட வெறுங்கால் மேல். மேலே பீரங்கி மேடைகளையும் சுவாமி இல்லாத ஒரு கோயிலையும் காணலாம். அங்கிருந்த திருமேனிகள் கீழே வந்து, நாம் அபிராமி அம்மன் கோயில் என்று அழைக்கும் காளஹஸ்தீசுவரர் கோயிலில் சேர்ந்தன என்பார்கள். அடிவாரத்தில் கோட்டை மாரியம்மன். மாசித் திருவிழாவுக்குப் பூச்சொரிதல் தொடங்கிவிட்டால் பூச்சந்தையில் விலை வேறு. மளிகைக் கடையில் பச்சரிசியும் வெல்லமும் மஞ்சளும் போகிற வேகம் வேறு.

பேகம்பூருக்குப் பெயர் கொடுத்தவர் ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஸா பேகம். அவர் அடக்கமான இடம் அங்குள்ள பெரிய பள்ளிவாசலில் இருக்கிறது. ஒரு பெண்மணியின் பெயரால் ஒரு பேட்டையே விளங்குவது எத்தனை ஊர்களில் உண்டு? தோல் ஷாப்புகள் வளர்ந்ததும் இந்தப் பக்கத்தில்தான். அவற்றால் பிழைத்த குடும்பங்கள் பல. நிலத்தடி நீர் கெட்டு வருந்திய குடும்பங்களும் பல. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சிக்கு நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் எவ்வளவு இறக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்துக் கடைக்காரருக்கு மனப்பாடம்.

மணிக்கூண்டுப் பக்கம் திரும்பினால் சூசையப்பர் எனப்படும் புனித வளனார் பேராலயம். 1866இல் தொடங்கி 1872இல் கட்டி முடித்தார்கள். திண்டுக்கல் நகராட்சி ஏற்பட்டதும் அதே 1866இல்தான். 1875இல் ரயில் வந்தது. பத்தாண்டுக்குள் ஊரின் முகம் மாறிவிட்டது. அதுவரை மாட்டுவண்டியில் போன புகையிலை ரயில் ஏறியது. திண்டுக்கல் சுருட்டு கடல் கடந்தது. ஸ்பென்சர் கம்பெனி இங்கே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. ஆலயம் 2003 முதல் தனி மறைமாவட்டத்தின் தலைமை ஆலயமாக இருக்கிறது.

பிரியாணியையும் விட்டுவிட முடியாது. 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் கடைதான், அவர் கட்டியிருந்த தலைப்பாகையால் வேறு பெயர் பெற்றது. அதன் பிறகு சீரகச் சம்பா என்ற அரிசிக்கு வந்த மவுசை நம் அரிசி மண்டிக்காரர்கள் அறிவார்கள்.

ரயில் பாதையைத் தாண்டி நாகல்நகர். சௌராஷ்டிர நெசவாளர்கள் குடியேறிய பகுதி. தெருவில் நடந்தால் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் அந்த மொழி காதில் விழும். திண்டுக்கல் பூட்டுக்கும் இந்தப் பகுதிதான் பேர்போனது. பட்டறைகள் இங்கும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இருந்தன. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு, கோயில் கதவுகளுக்கான பெரிய பூட்டு என்று எத்தனையோ வகை. எல்லாம் அரத்தால் ராவிச் செய்த கைவேலை. ஒரு பூட்டின் சாவி மற்றொன்றுக்குச் சேராது. மணிப்பூட்டில் சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும். கல்லாவில் வேறு யாரேனும் கை வைத்தால் முதலாளிக்குத் தெரிந்துவிடும்.

2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் பட்டறைகள் பெரும்பாலும் மூடிவிட்டன. அலிகாரிலிருந்து வந்த இயந்திரப் பூட்டு மலிவு என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது, அது உண்மைதான். ஆனால் அந்தப் பூட்டை வாங்கியவர்கள் யார்? இந்த ஊரின் கடைகளுக்கெல்லாம் ஷட்டர் போட்டபோது நாமும் அதைத்தானே வாங்கித் தொங்கவிட்டோம். பூட்டு ஊரில் கடை வைத்துக்கொண்டு வெளியூர்ப் பூட்டைப் பூட்டுகிறவர்கள் நாம்.

இதை எழுதுவதற்காகச் சுற்றியபோது, இன்னும் நடக்கும் ஒரு பட்டறையில் நுழைந்து நம் கிடங்குக்கு ஒரு பூட்டு வேண்டும் என்றோம். "எத்தனை லீவர் போடட்டும்?" என்று கேட்டார் பெரியவர். நமக்குச் சொல்லத் தெரியவில்லை. கிடங்கில் என்ன சரக்கு என்று கேட்டார். மிளகாய் வற்றலும் மல்லியும் என்றோம். "அப்படியானால் எட்டு போதும் அண்ணாச்சி. பத்து நாள் ஆகும்" என்றார். முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம்.