மெஸ்ஸியும் ரொனால்டோவும்: ஒரு வங்கியாளரின் கணக்கு

2022 நவம்பரில் நான் கோழிக்கோட்டில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி தொடங்கவிருந்த நாட்கள் அவை. நகருக்கு அருகிலுள்ள புள்ளாவூர் என்னும் சிற்றூரில், ஆற்றின் நடுவே லியோனல் மெஸ்ஸியின் உருவத்தை ஏறத்தாழ 30 அடி உயரத்தில் அர்ஜென்டினா ரசிகர்கள் நிறுத்தினர். சில நாட்களில் பிரேசில் ரசிகர்கள் அதைவிட உயரமாக நெய்மாரை நிறுத்தினர். போர்ச்சுகல் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? கிறிஸ்டியானோ ரொனால்டோவும் வந்து சேர்ந்தார். அந்தப் படம் உலகெங்கும் பரவியது. சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பே தன் சமூக ஊடகப் பக்கத்தில் அதைப் பகிர்ந்தது.

எங்கள் கிளையிலும் இரு அணிகள் இருந்தன. மதிய உணவு வேளையில் அந்த வாதம் எழாத நாளில்லை. மெஸ்ஸியின் அணியினர், "அது பிறவியிலேயே வந்த வரம், பயிற்சியால் வருவதன்று" என்பர். ரொனால்டோவின் அணியினர், "வரம் எவருக்கும் கிடைக்கலாம், உழைத்து உயர்ந்தவரே உயர்ந்தவர்" என்பர். ஒருநாள் இளம் அலுவலர் ஒருவர் என்னைப் பார்த்து, "கணக்கைச் சரிபார்ப்பது உங்கள் வேலைதானே சார், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். காரணம், நான் நடுநிலையாளன் அல்லன். பல்லாண்டுகளாக ரொனால்டோவின் ரசிகன்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் நாங்கள் அண்ணன் தம்பி இருவர். விருந்தினர் எவர் வந்தாலும் அப்பா எங்களை ஒரே வாக்கியத்தில் அறிமுகப்படுத்துவார்: "பெரியவனுக்குப் பார்த்தாலே வந்துடும், சின்னவன் பாடுபட்டாத்தான் உண்டு." அண்ணன் பொறியியல் படித்தான். நான் வணிகவியல் பயின்று, மூன்றாம் முயற்சியில் வங்கித் தேர்வில் தேறினேன். பாடுபடுகிறவர்களின் பக்கம் என் மனம் சாய்ந்ததில் வியப்பில்லை.

கோழிக்கோட்டு நண்பர் கேட்ட கேள்விக்கு இப்போதாவது முறைப்படி விடை கூற முயல்கிறேன்.

ஒரே கணக்குக் காலம்

இரு நிறுவனங்களை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது, இரண்டின் கணக்குக் காலமும் ஒன்றுதானா என்பது. ரொனால்டோ 1985 பிப்ரவரி 5 அன்று பிறந்தவர். மெஸ்ஸி 1987 ஜூன் 24 அன்று பிறந்தவர். இருவரும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு தரமுள்ள போட்டிகளில் ஆடியிருக்கிறார்கள். வாழ்நாள் கோல்களைக் கூட்டி வைத்துக்கொண்டு வாதிடுவது, பத்தாண்டு லாபத்தையும் பன்னிரண்டாண்டு லாபத்தையும் அருகருகே எழுதுவது போன்றது.

நல்வாய்ப்பாக, ஒப்பிடுவதற்கென்றே அமைந்தது போல ஒரு காலம் உண்டு. 2009 முதல் 2018 வரை ஒன்பது பருவங்கள் இருவரும் ஸ்பெயினில் ஆடினர். மெஸ்ஸி பார்சிலோனாவில், ரொனால்டோ ரியல் மாட்ரிட்டில். ஒரே நாடு, ஒரே போட்டிகள், பெரும்பாலும் ஒரே எதிரணிகள். அந்த ஒன்பது பருவங்களில் தம் கழகத்துக்காக மெஸ்ஸி 476 ஆட்டங்களில் 472 கோல்கள் அடித்தார். ரொனால்டோ 438 ஆட்டங்களில் 450 கோல்கள் அடித்தார். எண்ணிக்கையில் மெஸ்ஸி முந்துகிறார். ஆட்டத்துக்கு இத்தனை என்னும் விகிதத்தில் ரொனால்டோ சற்றே முந்துகிறார். தோழர்களுக்குக் கோல் வாய்ப்பை அமைத்துக் கொடுத்ததையும் சேர்த்தால் தராசு மெஸ்ஸியின் பக்கம் தாழும்.

கோப்பைகளைப் பார்ப்போம். அதே ஒன்பது பருவங்களில் ஸ்பெயின் லீக் பட்டத்தைப் பார்சிலோனா ஆறு முறையும் ரியல் மாட்ரிட் இரண்டு முறையும் வென்றன. ஐரோப்பாவின் தலைசிறந்த கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கை ரியல் மாட்ரிட் நான்கு முறையும் பார்சிலோனா இரண்டு முறையும் வென்றன. பேரேட்டின் ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறைகிறது. எவர் எந்த வரியை அடிக்கோடிடுகிறாரோ, அதற்கேற்ற தீர்ப்பு அவருக்குக் கிடைத்துவிடும்.

இக்கணக்கில் எனக்கு வியப்பளித்தது வேறொன்று. ஸ்பெயின் லீக்கில் ஒரு பருவத்தில் ஒருவர் அடித்த அதிகபட்ச கோல்கள் நெடுங்காலம் 38 ஆக இருந்தன. 1950-51 இல் டெல்மோ சாரா அந்த எண்ணை எட்டினார். 1989-90 இல் ஹ்யூகோ சான்செஸ் சமன் செய்தார். கடக்க எவராலும் இயலவில்லை. 2010-11 இல் ரொனால்டோ 40 கோல்கள் அடித்து அதைக் கடந்தார். அடுத்த பருவத்திலேயே மெஸ்ஸி 50 அடித்தார். அந்தப் பருவத்தில் ரொனால்டோ அடித்தவை 46. லீக் பட்டமும் அவருடைய அணிக்கே. அறுபதாண்டு நின்ற எல்லை இரண்டே ஆண்டுகளில் பன்னிரண்டு கோல் தூரம் நகர்ந்துவிட்டது. எதிரே மற்றவர் இல்லாதிருந்தால் இந்த எண்கள் இருந்திருக்குமா? 2008 முதல் 2017 வரை பத்து ஆண்டுகளில், உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டி ஓர் விருதை இவ்விருவரைத் தவிர வேறெவரும் பெறவில்லை. ஆளுக்கு ஐந்து. மெஸ்ஸி அதன்பின் மேலும் மூன்று பெற்று எட்டாக உயர்த்திக்கொண்டார்.

வரம் பெற்றவரின் உழைப்பு

இனி, 'வரம்' என்றும் 'உழைப்பு' என்றும் நாம் ஒட்டியிருக்கும் சீட்டுகளைச் சற்று உரித்துப் பார்ப்போம்.

மெஸ்ஸி அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் பிறந்தார். தந்தை உருக்காலைத் தொழிலாளி. சிறுவனின் கால்களில் பந்து ஒட்டிக்கொண்டது போல் சுழன்றது உண்மைதான். ஆனால் அந்தக் கால்கள் வளரவில்லை. வளர்ச்சி இயக்குநீர் குறைபாடு என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். நாள்தோறும் இரவில் காலில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சிகிச்சையின் செலவு குடும்பத்தால் தாங்கக் கூடியதாக இல்லை.

2000 ஆம் ஆண்டில், பதின்மூன்று வயதில், தந்தையுடன் பார்சிலோனாவுக்குச் சென்றார். கழகம் தயங்கியது. டிசம்பர் 14 அன்று, கழகத்தின் தொழில்நுட்ப இயக்குநர் கார்லெஸ் ரெக்சாக், கையருகே வேறு தாள் இல்லாமையால், கை துடைக்கும் காகிதத்தில் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டார். எங்கள் கிளைக்கு அப்படி ஒரு ஆவணம் வந்தால் முத்திரைத்தாள் எங்கே என்று கேட்டுத் திருப்பியனுப்பியிருப்போம். 2024 இல் அந்தக் காகிதம் லண்டன் ஏல நிறுவனம் ஒன்றின் வழியாக 7,62,400 பவுண்டுக்கு விலைபோனது. நம் மதிப்பில் ஏறத்தாழ 8 கோடி ரூபாய்.

பின்னர்த் தாயும் உடன்பிறந்தோரும் ஊர் திரும்பினர். சிறுவன் தந்தையோடு அந்நிய நகரில் தங்கினான். வரம் என்று நாம் சொல்லும் சொல்லுக்குள் இந்த ஊசிகளும் இந்தப் பிரிவும் அடங்குவதில்லை.

தேசிய அணியிலோ, தோல்வி மேல் தோல்வி. 2007 இல் கோபா அமெரிக்கா இறுதி ஆட்டம், 2014 இல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், 2015, 2016 இல் மீண்டும் கோபா இறுதி ஆட்டங்கள். நான்கிலும் தோல்வி. கடைசி ஆட்டத்தில் பெனால்டி வாய்ப்பை அவரே தவறவிட்டார். நாட்டுக்காக இனி ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். சில வாரங்களில் மனம் மாறித் திரும்பினார். 2021 இல் மரக்கானா திடலில் பிரேசிலை வென்று கோபா கோப்பை கைக்கு வந்தது. 2022 டிசம்பர் 18 அன்று, 35 வயதில், உலகக் கோப்பை வந்தது. பிறவி வரம் ஒன்றே போதுமானதாக இருந்திருந்தால் இத்தனை ஆண்டு காத்திருக்க நேர்ந்திராது.

உழைப்பாளி பெற்ற வரம்

ரொனால்டோ அட்லாண்டிக் கடலிலுள்ள மதேய்ரா தீவில், ஃபுஞ்சால் நகரில் பிறந்தார். தந்தை நகராட்சித் தோட்டக்காரர். உள்ளூர்க் கழகம் ஒன்றின் ஆட்டச் சாமான்களைக் கவனித்துக்கொண்டவர். தாய் சமையல் வேலை செய்தவர். பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு லிஸ்பனிலுள்ள ஸ்போர்ட்டிங் கழகத்துக்குச் சென்றார். தீவின் வட்டார வழக்கில் அவர் பேசியதைக் கேட்டு மற்றச் சிறுவர்கள் எள்ளினர். பதினைந்து வயதில் இதயத் துடிப்புக் கோளாறு கண்டறியப்பட்டுச் சிகிச்சை செய்யப்பட்டது. விரைவில் பயிற்சிக்குத் திரும்பினார்.

உடற்பயிற்சியிலும் உணவுக் கட்டுப்பாட்டிலும் அவர் காட்டும் ஒழுங்கு உலகறிந்தது. ஆனால் உழைப்பு மட்டுமா? ஸ்போர்ட்டிங் கழகத்தில் ஒரே பருவத்தில் 16 வயதுக்குட்பட்டோர் அணி முதல் முதன்மை அணி வரை ஐந்து நிலைகளிலும் ஆடியவர் அவர். 2003 இல் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு எதிரான நட்பு ஆட்டம் ஒன்றில் பதினெட்டு வயது இளைஞராக அவர் ஆடிய விதத்தைக் கண்டு, சில நாட்களிலேயே அந்தக் கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. அது உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டும் விளைந்த திறன் அன்று. அவரை 'உழைப்பாளி' என்று மட்டும் புகழ்வது, அவருக்குள்ள மேதைமையை நாகரிகமாக மறுப்பதாகும்.

உழைப்பால் மட்டும் எல்லாம் கைகூடுவதில்லை என்பதற்கும் அவர் வாழ்விலேயே சான்று உண்டு. 2016 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், பாரிஸின் புறநகர், எதிரே பிரான்ஸ். முழங்காலில் அடிபட்டு 25 ஆம் நிமிடத்தில் கண்ணீருடன் வெளியேறினார். கூடுதல் நேரத்தில் எடெர் கோல் அடித்தார். தன் நாட்டின் முதல் பெரும் கோப்பையை ரொனால்டோ எல்லைக்கோட்டருகே நொண்டியபடி, தோழர்களை உரக்க ஊக்கிக்கொண்டே வென்றார்.

தேய்மானம்

எந்தச் சொத்துக்கும் தேய்மானம் உண்டு. கால்பந்து வீரரின் உடலுக்கு அது விரைவாகவே வரும். இருவரும் அதை எதிர்கொண்ட முறையே, என் கருத்தில், ஒப்பிடத் தக்கது. ரொனால்டோ தொடக்கத்தில் ஓரத்தில் பந்தை உருட்டி எதிராளிகளைத் திணறடித்தவர். வயது ஏற ஏற அந்த அலங்காரங்களைக் குறைத்தார். கோல் முகப்பில் காத்து நின்று, ஒரே தொடுதலில், ஒரே தாவலில் முடிப்பவராக மாறினார். மெஸ்ஸி வலது ஓரத்தில் தொடங்கி, பின் நடுவே வந்து, பிறகு இன்னும் பின்வாங்கி, ஆட்டத்தையே அமைத்துத் தருபவரானார். களத்தில் அவர் நடப்பதைப் பலர் குறை கூறுவர். ஓடுகிறவர்களின் இடையே எங்கே இடைவெளி திறக்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. ஒருவர் கோலை நோக்கி நெருங்கினார். மற்றவர் கோலிலிருந்து விலகினார். இரண்டுமே தன்னைத் தானே தணிக்கை செய்துகொண்டவர்களின் முடிவு.

2019 இல் மொனாக்கோவில் நடந்த விழா ஒன்றில் இருவரும் அருகருகே அமர்ந்திருந்தனர். இத்தனை ஆண்டு ஒரே மேடையில் நின்றும் இருவரும் சேர்ந்து ஒருமுறை கூட இரவு உணவு உண்டதில்லை, இனிமேல் வாய்க்கலாம் என்று ரொனால்டோ கூற, மெஸ்ஸி சிரித்தார். ரசிகர்களிடம் உள்ள பகை அவர்களிடம் இல்லை.

பழைய பெட்டி

சென்ற ஆண்டு ஊரில் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தோம். பரண்மேல் இருந்த தகரப் பெட்டியில் அண்ணனின் நோட்டுப் புத்தகங்கள் கிடந்தன. இருபதுக்கும் மேல் இருக்கும். பக்கம் பக்கமாகக் கணக்குகள். ஒரே கணக்கை மூன்று முறை, நான்கு முறை போட்டு, அடித்து, மீண்டும் போட்டிருந்தான். பார்த்தாலே வந்துவிடும் என்று பெயரெடுத்தவனின் நோட்டுகள் அவை.

"இதெல்லாம் எப்போம்மா போட்டான்?" என்று கேட்டேன்.

"விடியக்காலம் நாலு மணிக்கு. நீ தூங்கிக்கிட்டிருப்பே. உனக்கு முழிப்பு வந்துடக் கூடாதுன்னு அடுக்களையில போய் உட்கார்ந்துப்பான். அப்பாகிட்ட சொல்லாதேம்மான்னு வேற சொல்லுவான்" என்றார் அம்மா.

அப்பா என்மேல் ஒட்டிய சீட்டு என்னை எவ்வளவு வருத்தியது என்பதை நான் அறிவேன். அண்ணன்மேல் ஒட்டிய சீட்டு அவனை அடுக்களை இருட்டுக்குத் துரத்தியதை நாற்பது வயதுக்குப் பின்னரே அறிந்தேன். வரம் பெற்றவன் பாடுபடுவதை எவரும் காணக் கூடாதல்லவா?

கல்விக் கடன் கேட்டுப் பெற்றோர் பலர் பிள்ளைகளுடன் கிளைக்கு வருகிறார்கள். படிவத்தை நிரப்பும்போதே, "இவன் பரவாயில்லை சார், இவன் தங்கச்சிதான் மூளைக்காரி" என்பது போன்ற சொற்கள் காதில் விழும். கேட்டுக்கொண்டே நிற்கும் பிள்ளையின் முகத்தை இப்போதெல்லாம் நான் கவனிக்கிறேன். படிவத்தில் அந்த விவரத்துக்கு இடமில்லை. என் பங்குக்கு அந்தப் பிள்ளையிடமே நேராகப் பேசி, என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்கிறேன்.

அன்று இரவு அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். நோட்டுகளைப் பற்றிப் பேச எண்ணியே அழைத்தேன், பேச வரவில்லை. அவன் மெஸ்ஸியின் ரசிகன். வழக்கம்போல் ரொனால்டோவைச் சீண்டினான். நானும் வழக்கம்போல் 438 ஆட்டங்களில் 450 கோல்கள் என்றேன். நோட்டுகளைப் பழைய காகிதக்காரரிடம் போடவில்லை. என் அலமாரியில் வைத்திருக்கிறேன்.