சாம்பியன் ரீப்ஸிலிருந்து பெலோ ஹொரிசோன்ச்சிக்கு

விடுமுறை வந்தால் ஊட்டி, ஏற்காடு, இல்லாவிட்டால் சொந்த ஊர்த் திருவிழா. நம் தங்கவயல் குடும்பங்களின் பிரயாணம் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் முடிந்துவிடும். இரண்டு ஆண்டு ஒப்பந்த வேலைக்குப் பிரேசில் போன என் தம்பி, "அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் வந்து போங்கள்" என்று தொலைபேசியில் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அங்க தங்கச் சுரங்கம் ஒண்ணு இருக்குது, ட்ராலில உக்காந்து உள்ள போய்ப் பாக்கலாம்னு அவன் சொன்னானே, நெசந்தானா?" என்று கேட்டார். தம்பி அதைப் பேச்சுவாக்கில்தான் சொல்லியிருந்தான். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். அன்று இரவே உலகப் படத்தை விரித்து உட்கார்ந்தோம். இதே போன்ற அழைப்பு உங்கள் வீட்டுக்கும் வரலாம். நம் பிள்ளைகள் இன்று எந்த நாட்டில்தான் இல்லை? ஆகவே நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கே இருக்கிறது இந்த ஊர்?

பெலோ ஹொரிசோன்ச்சி என்றால் 'அழகிய தொடுவானம்' என்று பொருள். தென் அமெரிக்காவின் பெரிய நகரங்களில் ஒன்று. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். திட்டமிட்டுக் கட்டப்பட்டு 1897இல் திறக்கப்பட்ட நகரம். இதைத் தலைநகராகக் கொண்ட மாநிலத்தின் பெயர் மினாஸ் ஜெராய்ஸ். 'மினாஸ்' என்றால் சுரங்கங்கள். அதாவது நம்மைப் போலவே பூமியைத் தோண்டிப் பிழைத்த சீமை அது.

நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் நோவா லிமா என்ற ஊர். அங்குள்ள மோரோ வேல்யோ தங்கச் சுரங்கத்தை 1834இல் ஓர் ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது. ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் கோலாருக்கு வந்ததை நாம் அறிவோம். அவர்கள் அதற்கும் அரை நூற்றாண்டு முந்தியவர்கள். 1920களில் உலகின் மிக ஆழமான சுரங்கம் என்று அதற்குப் பெயர். பின்னர் அந்தப் பெருமை சில காலம் நம் கோலார் சுரங்கங்களிடம் இருந்தது.

பெருமை கம்பெனிகளுக்கு, பாடு யாருக்கு? அங்கே வெகுகாலம் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளும் அவர்கள் வழிவந்தவர்களும். பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888இல்தான். இங்கே வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி வந்த நம் முன்னோர்கள். இரண்டு ஊர்களிலும் மேட்டில் பங்களா, பள்ளத்தில் லைன் வீடு. நோவா லிமாவில் ஆங்கிலேயர் விட்டுப்போன கிறிஸ்துமஸ் கேக்கை இன்றும் 'கேக்கா' என்ற பெயரில் செய்கிறார்களாம். நம் ஊர்ப் பேக்கரி பிளம் கேக்குக்கு அது தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஊசி, பிறகு டிக்கெட்

பிரயாண ஏற்பாட்டில் பலரும் கோட்டைவிடும் விஷயம் இது. பிரேசில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. 2017 வாக்கில் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்திலேயே அது கடுமையாகப் பரவியது. அங்கிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைக்க நேரிடும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு முதல்முறையாக இந்த ஊசி போடும்போது பக்க விளைவு வரும் வாய்ப்பு சற்று அதிகம். ஆகவே மருத்துவர் பரிசோதித்துச் சம்மதிக்க வேண்டும். எங்கள் அம்மாவுக்கு 66 வயது. மருத்துவர் வேண்டாம் என்று சொன்னால் பயணத்தையே விட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். அம்மா இல்லாமல் போய் என்ன பார்ப்பது? அதனால்தான் சொல்கிறேன்: வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசாவையும் முன்கூட்டியே வாங்க வேண்டும். இங்கிருந்து நேரடி விமானம் கிடையாது. வளைகுடா நகரங்கள் அல்லது அடிஸ் அபாபா வழியாகச் சாவோ பாவுலோ, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மொத்தத்தில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். அவர்கள் நேரம் நமக்கு எட்டரை மணி பின்னால். எனவே பத்து நாள் விடுப்பு எடுத்தாலொழிய நிம்மதியாகச் சுற்ற முடியாது. நாங்கள் ஜூலையைத் தேர்ந்தெடுத்தோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே மழையில்லாத குளிர்காலம். டிசம்பர், ஜனவரியில் மழை கொட்டும்.

நான்கு நாள் திட்டம்

பதினான்கு வயது மகன் ரியோ கடற்கரையைக் கேட்டான். அது 400 கிலோமீட்டருக்கு மேல். குறுகிய பயணத்தில் இரண்டு ஊர்களைத் திணித்தால் பெட்டி தூக்குவதிலேயே பொழுது போய்விடும் என்று சொல்லி, பதிலுக்கு மினெய்ரோன் கால்பந்து அரங்கைக் கொடுத்தேன். 2014 உலகக் கோப்பையில் ஜெர்மனியிடம் பிரேசில் 7-1 என்று தோற்ற இடம். சமாதானமாகிவிட்டான்.

முதல் நாள் ஓய்வு. மாலையில் விடுதலைச் சதுக்கம். அதை ஒட்டியே சுரங்கங்களுக்கும் உலோகங்களுக்குமான அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டாம் நாள் பம்புல்யா ஏரிக்கரை. ஆஸ்கார் நீமையர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த அலைஅலையான சிறு தேவாலயம் அங்கே உண்டு. அரங்கமும் பக்கத்திலேயே. மூன்றாம் நாள் சுமார் 100 கிலோமீட்டர் பேருந்தில் ஓரோ பிரேட்டோ. தங்கத்தால் செழித்த பழைய நகரம். யுனெஸ்கோ 1980இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல் பாவிய செங்குத்தான தெருக்கள் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் வண்டி வைத்துக்கொள்வது நல்லது. இரவு அங்கே தங்கி, நான்காம் நாள் காலை சுரங்கம். திரும்பும் வழியில் நோவா லிமா.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. சோறும் பயறும் அவர்களுக்கும் அன்றாட உணவு. தட்டில் வேண்டியதை எடுத்துக்கொண்டு எடை போட்டுப் பணம் கொடுக்கும் உணவகங்கள் நிறைய. மரவள்ளி மாவில் பாலாடைக்கட்டி சேர்த்துச் சுடும் சிறு உருண்டை ரொட்டி அந்த மாநிலத்து விசேஷம்.

பாஷையைப் பற்றி மகள் கவலைப்பட்டாள். போர்த்துகீசியம் உனக்குப் பாதி தெரியும் என்றேன். ஜன்னல், மேசை, சாவி, அலமாரி, வாத்து, கொய்யா எல்லாம் அந்த பாஷையிலிருந்து நமக்கு வந்த சொற்கள்தாமே! இப்போது நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அம்மா பார்க்க விரும்பும் இடம்

ஓரோ பிரேட்டோவுக்கும் மரியானாவுக்கும் இடையில் இருப்பது 'மினா த பசாஜெம்' என்ற பழைய தங்கச் சுரங்கம். வேலை நின்றுபோன அந்தச் சுரங்கத்தில், தண்டவாளத்தில் ஓடும் ட்ராலியில் பார்வையாளர்களை உட்கார வைத்து, சாய்வான பாதையில் சுமார் 120 மீட்டர் ஆழத்துக்கு இறக்குகிறார்கள். உள்ளே ஊறி நின்ற நீர் ஓர் ஏரியாகவே இருக்கிறது.

நம் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம். 1965இல் விண்ணிலிருந்து வரும் கதிர்களால் காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த இடங்களில் ஒன்று அது. 2001 பிப்ரவரியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அங்கேயும் தண்ணீர் ஏறிவிட்டது. ஆனால் நம் பிள்ளைகள் இறங்கிப் பார்க்க வழியில்லை. சயனைட் மேட்டையும் சாஃப்ட் கோபுரத்தையும் சாலையிலிருந்து காட்டலாம், அவ்வளவுதான்.

எங்கள் அப்பா முப்பத்தோரு ஆண்டு அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தார். சங்கு ஊதினால் புறப்படுவார். ராக் பர்ஸ்ட் ஆகி வீட்டுப் பாத்திரம் அதிர்ந்தால் அம்மா லைன் முனைக்கு ஓடுவார். அங்கேயே மற்றப் பெண்களோடு நிற்பார். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி அந்தக் காலத்தில் பெண்களுக்கு நிலத்தடி வேலை தரப்படவில்லை. கணவர் வேலை செய்த இடத்தை ஒருநாளும் பார்க்காமலே ஒரு தலைமுறைப் பெண்கள் வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். அப்பா நெஞ்சில் தூசி அடைத்துப் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

"அது அப்பா வேலை செஞ்ச சுரங்கம் இல்லியேம்மா" என்றேன்.

"இருட்டு ஒண்ணுதானடா. ஒரு தபா உள்ள போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார்.

மருத்துவர் நிறையக் கேள்விகள் கேட்டு, பரிசோதனைகள் செய்து, போன வாரம் சம்மதித்தார். ஊசியும் போட்டாயிற்று. மஞ்சள் நிறச் சான்றுப் புத்தகத்தை அம்மா அப்பாவின் பித்தளை டோக்கன் இருக்கும் டப்பாவிலேயே வைத்திருக்கிறார்.

அன்பர்களுக்கு ஒரு யோசனை. எவ்வளவு தூரம் போவதாக இருந்தாலும், அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பங்காருப்பேட்டையில் ரயில் மாற்றிச் சாம்பியன் நிலையத்தில் இறக்குங்கள். தாத்தா இறங்கிய சாஃப்ட் எது, பாட்டி நின்ற லைன் முனை எது என்று காட்டுங்கள். நாங்கள் அடுத்த ஞாயிறு போகிறோம். அதைப் பார்த்துவிட்டுப் போனால்தான் பிரேசிலில் 120 மீட்டர் இறங்கும்போது, தாத்தா இறங்கியது எவ்வளவு ஆழம் என்பது அவர்களுக்குப் புரியும்.