வழுக்கும் முற்றம்

வேதியியல் படிப்பவன் வீட்டுக்கு உதவுவான் என்று ஊரார் நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கையை நான் பாழாக்கிய கதையைச் சொல்லி, அதிலுள்ள அறிவியலையும் விளக்குகிறேன்.

விதுராவில் நான் குடியிருக்கும் வீட்டு வாசலிலிருந்து சாலை வரை சிமெண்டுக் கற்கள் பதித்த பாதை உண்டு. பொன்முடி அடிவாரமாகையால் மழைக்குப் பஞ்சமில்லை. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி ஓய்ந்தால் துலாவர்ஷம் வந்துவிடும். பாதையெங்கும் பாசி. வீட்டுக்கார அம்மாள் என்னிடம் வழி கேட்டார். கழிவறை கழுவும் அமிலத்தை வாங்கி ஊற்றினேன். நுரை பொங்கியது, பாதை வெளுத்தது, எனக்கோ பெருமை. அடுத்த மழையில் பாசி முன்னிலும் அடர்த்தியாக வந்தது. அதில் வழுக்கி விழுந்த அம்மாளுக்கு மணிக்கட்டு முறிந்தது.

காரணம் என்ன? சிமெண்டைப் பிணைத்து நிறுத்துபவை சுண்ணாம்புச் சேர்மங்கள். ஐதரோகுளோரிக் அமிலம் அவற்றைக் கரைக்கிறது. நுரையாக வந்தது கரியமில வாயு. மேற்பரப்பு அரிபட்டு நுண்துளைகள் பெருகின. துளையில் ஈரம் தங்கும். ஈரத்தில் பாசி தங்கும்.

அப்படியானால் செய்யவேண்டியது யாது? முதலில், நிழல் தரும் கிளைகளைக் கழித்து, தண்ணீர் வடிய வழி செய்யவேண்டும். வெயில் நாளில், காய்ந்த பாசியை முரட்டுத் துடைப்பத்தால் தேய்த்தெடுக்கலாம். எஞ்சியதற்குப் பிளீச்சிங் பவுடரை நீரில் கரைத்துச் சிறிதளவு தெளித்தால் போதும். அதனோடு அமிலத்தை ஒருபோதும் சேர்க்காதீர்கள்! எழும்புவது குளோரின், 1915இல் ஈப்பர் போர்க்களத்தில் வீரர்களைக் கொன்ற அதே வாயு. வேகமாகப் பீய்ச்சும் பம்பு கற்களின் இடுக்கு மணலை அரித்துவிடும். மணல் போனால் கல் ஆடும். மணலை மீண்டும் நிரப்புங்கள். ஆனால் கோவளம், வர்க்கலை போன்ற கடலோர ஊர்களில் இருப்போர் கடற்கரை மணலை அள்ளிப் போடலாகாது. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும். காயும்போது வெண்மையாகப் பூத்துக் கல்லையும் உதிர்க்கும்.

இன்னொன்று. நாம் கழுவிவிடுவது இங்கேயே நிற்பதில்லை. நம் கல்லாறு வாமனபுரம் ஆறாகி, அஞ்சுதெங்குப் பக்கம் கடலைச் சேர்கிறது. வழியெல்லாம் மீன்களும் மனிதர்களும் இருக்கிறார்கள். ஆகவே மருந்து எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்று.

அம்மாளின் கை கூடிவிட்டது. அவர் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. ஞாயிறுதோறும் துடைப்பம் இப்போது என் கையில்.