உங்க ‘கிராமத்தை’ அடிச்சுட்டாங்களா? அன்இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

காலையில் எழுந்ததும் போனைத் திறக்கிறீர்கள். ‘நீங்கள் தூங்கும்போது உங்கள் கிராமம் தாக்கப்பட்டது’ என்று ஒரு அறிவிப்பு. ராத்திரி படுக்கும்போது கிடங்கு நிறைய இருந்த தங்கத்தில் ஒரு பங்கு காணோம். எலிக்சரும் அதே கதை. பார்த்துப் பார்த்துக் கட்டிய மதில் ஒரு பக்கம் முழுக்கத் தரைமட்டம். அடித்தவர் பெயரைப் பார்த்தால், எந்த நாட்டுக்காரர் என்றுகூடத் தெரியாத ஒருவர்.

‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ ஆடியவர்களுக்கு இந்தக் காலை நல்லாவே தெரியும். பின்லாந்தைச் சேர்ந்த சூப்பர்செல் நிறுவனம் 2012-ல் வெளியிட்ட இந்த கேம், நம்ம ஊர் டீக்கடை பெஞ்சு முதல் ஐ.டி. கம்பெனி கேன்டீன் வரை வந்து உட்கார்ந்து பல வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் சில நாட்கள் புது ஆட்டக்காரரை யாரும் தொட முடியாதபடி ‘ஷீல்டு’ காப்பாற்றும். அது முடிந்த பிறகு விழும் முதல் அடிதான் உண்மையான ஆரம்பம்.

அந்த இடத்தில் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, கடுப்பில் கேமை அழித்துவிடுவது. இரண்டு, பணம் கட்டி ஜெம்ஸ் வாங்கி அவசரமாக எல்லாவற்றையும் மேம்படுத்துவது. மூன்று, அந்தத் தாக்குதலின் ரீப்ளேவைத் திறந்து பார்ப்பது. மூன்றாவது வழிக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால், அதை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல, நம்ம தூத்துக்குடி கடற்கரையிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது.

1553: புன்னைக்காயலில் என்ன நடந்தது?

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருக்கும் ஊர் புன்னைக்காயல். 16-ம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் போர்த்துகீசியர்களுக்கு இதுதான் முக்கியமான இடம். முத்து எடுக்கும் கடல், அதை எடுக்கத் தெரிந்த பரதவர்கள், வாங்கக் காத்திருக்கும் வியாபாரிகள் எல்லாம் இங்கேதான். அதாவது, கேம் பாஷையில் சொன்னால், கிடங்கு நிறைய லூட். காவலுக்கு இருந்ததோ ஒரு சிறிய படை.

1553-ல் கடல் வழியாக ஒரு கப்பல் படை வந்து தாக்கியது. தரைப் பக்கம் விஜயநகரத் தளபதி விட்டலரின் ஆட்களால் ஏற்கெனவே நெருக்கடி. இரண்டு பக்கமும் சிக்கிய புன்னைக்காயல் விழுந்தது. போர்த்துகீசியத் தளபதி மானுவல் ரோட்ரிகஸ் கொட்டினோ பிடிபட்டார். பின்னாளில் தமிழில் புத்தகம் அச்சிட்டுப் பெயர் பெற்ற ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியாரும் பிடிபட்டவர்களில் ஒருவர். கொச்சியில் இருந்து கில் பெர்னாண்டஸ் டி கார்வாலோ தலைமையில் உதவிக்குக் கப்பல்கள் வந்து சேர்ந்த பிறகுதான் நிலைமை மாறியது.

அது விளையாட்டு இல்லை. வீடு, படகு, உயிர் எல்லாவற்றையும் ஜனங்கள் நிஜமாகவே பறிகொடுத்தார்கள். ஆனால், ஒரு தாக்குதலை எப்படிப் படிப்பது என்பதற்கு இந்தச் சம்பவம் நல்ல உதாரணம். மூன்று விஷயங்கள் கண்ணில் படுகின்றன. ஆபத்து ஒரே திசையில் இருந்து வரவில்லை. சொத்து எங்கே இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. உதவி இருந்தது, ஆனால் தூரத்தில் இருந்தது.

விட்டலர் தரப்பு நெருக்கடி அதோடு நிற்கவில்லை. 1560-ல் போர்த்துகீசியர்கள் மன்னாரைப் பிடித்து, அங்கே கோட்டை கட்டினார்கள். புன்னைக்காயலில் இருந்தவர்களில் பலரை அங்கே கொண்டுபோனார்கள். மன்னார் ஒரு தீவு. தரை வழியாகப் படை நடந்து வந்து அடிக்க முடியாது. சுவரை இன்னும் உயரமாகக் கட்டுவதற்குப் பதிலாக, அடி எந்த வழியாக வந்ததோ அந்த வழியையே அடைத்தார்கள். புது ஆட்டக்காரர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

ரீப்ளேவை எப்படிப் பார்க்கணும்?

பெரும்பாலானோர் ரீப்ளேவை சினிமா மாதிரி பார்ப்பார்கள். வேகத்தைக் கூட்டி ஓடவிட்டு, ‘செம்ம அடி’ என்று சொல்லிவிட்டு மூடிவிடுவார்கள். அதில் ஒன்றும் கிடைக்காது. ஒரு தாக்குதலுக்கு அதிகபட்சம் மூன்று நிமிடம்தான். சாதாரண வேகத்தில், நிறுத்தி நிறுத்தி, நாலு கேள்வியோடு பாருங்கள்.

*எந்தப் பக்கம் இருந்து வந்தாங்க?* முதல் படையை இறக்கிய இடத்தைக் கவனியுங்கள். அடிப்பவர் சண்டைக்கு முன்னால் உங்கள் கிராமத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார். அவர் அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கும். அங்கே மதில் மெல்லிசாக இருக்கலாம். இல்லை, உங்கள் பீரங்கி எல்லாம் எதிர்ப்பக்கம் இருக்கலாம்.

*எதை வச்சு அடிச்சாங்க?* பீரங்கியும் மோர்ட்டாரும் தரையில் வரும் படையை மட்டும்தான் சுடும். மேலே பலூன் வந்தால் இரண்டும் வேடிக்கை பார்க்கும். வில்லாளர் கோபுரம் இரண்டையும் சுடும். ‘ஏர் டிஃபென்ஸ்’ வானத்தை மட்டும் பார்க்கும். ஆகவே, பலூனில் வந்து அடித்தவருக்கு எதிராக இன்னும் இரண்டு பீரங்கியை மேம்படுத்துவது வீண் செலவு. மோர்ட்டாருக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. தன் காலடிக்கு மிக அருகில் வந்துவிட்டவர்களை அதனால் சுட முடியாது. பக்கத்தில் அதைக் காப்பாற்ற வேறொரு ஆயுதம் வேண்டும்.

*எதைத் தேடி வந்தாங்க?* இதைப் படையே சொல்லிவிடும். காப்ளின்கள் நேராகத் தங்கம், எலிக்சர் இருக்கும் இடத்துக்குத்தான் ஓடும். ஜெயன்ட்கள் பீரங்கி, கோபுரங்களைத்தான் தேடும். வந்தவர் ஓரத்தில் இருந்த சுரங்கங்களை மட்டும் வழித்துக்கொண்டு கிளம்பிவிட்டாரா? அப்படியென்றால் அவருக்கு வெற்றி முக்கியமில்லை, லூட்தான் முக்கியம். நடுவில் இருக்கும் டவுன் ஹாலை நோக்கி வந்தாரா? அவர் ஸ்டாருக்காக வந்தவர். இரண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாது.

*எந்த நொடியில் கதை முடிஞ்சது?* இதுதான் முக்கியமான கேள்வி. மூன்று நிமிடமும் தோற்றுக்கொண்டே இருக்க மாட்டீர்கள். ஒரு மதில் உடைந்த நொடி, ஒரு ஏர் டிஃபென்ஸ் விழுந்த நொடி என்று ஏதோ ஒரு இடம் இருக்கும். அதற்கு முன்னால் சண்டை சமமாக இருக்கும். அதற்குப் பிறகு சரிவு. அங்கே நிறுத்துங்கள். சரி செய்ய வேண்டியது அந்த நொடிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது.

இந்த நாலுக்கும் பதில் கிடைத்ததும் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். மொத்த கிராமத்தையும் கலைத்துப் போட்டால், அடுத்த முறை எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்றே தெரியாது. மாற்றிய பிறகு உங்கள் கிளானில் இருப்பவர்களை ‘ஃப்ரெண்ட்லி சேலஞ்ச்’ முறையில் அடிக்கச் சொல்லுங்கள. அதில் லூட்டும் போகாது, படையும் வீணாகாது. உள்ளூர்க்காரன் கையால் பத்து அடி வாங்கிவிட்டால், வெளியூர்க்காரன் அடி அவ்வளவாக வலிக்காது.

அடிச்சவர்தான் இலவச டியூஷன் வாத்தியார்

ரீப்ளேவை இரண்டாவது முறை பார்க்கும்போது உங்கள் கிராமத்தைப் பார்க்காதீர்கள். அவர் விரலைப் பாருங்கள். அடி தாங்கும் ஜெயன்ட்களை முதலில் இறக்கி, பீரங்கியின் கவனத்தை அவர்கள் மேல் திருப்புகிறார். அடுத்து மதில் உடைப்பவர்கள். திறந்த வழியில் பின்னாலேயே வில்லாளர்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் எத்தனை நொடி விடுகிறார் என்று எண்ணுங்கள். எந்த வீடியோவையும்விட இது நல்ல பாடம். காரணம், இது உங்கள் கிராமத்தின் மேல் நடந்த பாடம்.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ போன்ற கேம்களிலும் இதே கணக்குதான். 12-வது நிமிடத்தில் எதிரியின் குதிரைப்படை வந்து அழித்தது என்று நினைப்போம். பதிவான ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தால், நாலாவது நிமிடத்தில் நம் டவுன் சென்டர் புது ஆளை உருவாக்காமல் சும்மா நின்றுகொண்டிருந்திருக்கும். தோல்வி ஆரம்பித்த இடம் அதுதான். நாம் கவனித்தது எட்டு நிமிடம் கழித்து.

குகேஷும் முதல் ஆட்டமும்

இதையெல்லாம் சின்னப் பசங்க விளையாட்டு என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு சென்னை உதாரணம். 2024 நவம்பர் 25 அன்று சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே, வெள்ளைக் காய்களோடு ஆடிய குகேஷ், டிங் லிரெனிடம் தோற்றார். மூன்றாவது ஆட்டத்தில் ஜெயித்து சமன் செய்தார். 11-வது ஆட்டத்தில் ஜெயித்து முன்னிலை பெற்றார். அடுத்த ஆட்டத்திலேயே மறுபடி தோல்வி. 13-வது ஆட்டம் டிரா. டிசம்பர் 12 அன்று, கடைசியான 14-வது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு ஜெயித்து, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். ஸ்கோர் 7.5 - 6.5.

மேல்மட்டத்தில் ஆடுபவர்களும் அடி வாங்குகிறார்கள் என்பது மட்டும் இதில் செய்தி இல்லை. அடி வாங்கிய அடுத்த ஆட்டத்துக்கு அவர்கள் எப்படி வந்து உட்கார்கிறார்கள் என்பதுதான் செய்தி. ஆன்லைன் செஸ் ஆடுபவர்களுக்கு இந்த வசதி இன்னும் சுலபம். லிசெஸ் தளத்தில், முடிந்த ஆட்டத்தை கம்ப்யூட்டர் அலசி, தப்பான நகர்வுகளை இலவசமாகவே காட்டிவிடும். ஒரே ஒரு அறிவுரை: கம்ப்யூட்டர் சொல்வதற்கு முன்னால், எங்கே தப்பு நடந்தது என்று நீங்களே ஒரு முறை தேடிப் பாருங்கள்.

எல்லா அடியும் பாடமா?

இல்லை. இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் பாதி நேரம் தேவையில்லாமல் மனசு உடையும்.

செஸ்ஸில் ‘எலோ’ என்ற மதிப்பீட்டு முறை இருக்கிறது. அதன் கணக்குப்படி, உங்களைவிட 400 புள்ளி அதிகம் உள்ளவரோடு 100 ஆட்டம் ஆடினால், உங்களுக்குச் சுமார் 9 புள்ளிதான் கிடைக்கும். 200 புள்ளி வித்தியாசம் என்றால் சுமார் 24. அதாவது, சில தோல்விகள் நடக்க வேண்டியவைதான். இரண்டு லெவல் மேலே இருப்பவர் வந்து உங்கள் கிராமத்தைத் துடைத்துவிட்டுப் போனால், உங்கள் வடிவமைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்று, உங்கள் நிலைக்கு ஏற்ற எதிரியைத் தேடித் தரும் எந்த கேமிலும், நீங்கள் ஜெயிக்க ஜெயிக்க எதிரியும் பலசாலியாக வருவார். தோல்வி குறையவே இல்லையே என்று நினைக்காதீர்கள். நீங்கள் ஒரு படி ஏறியிருக்கிறீர்கள் என்பதே அதன் அர்த்தமாக இருக்கலாம்.

சுலபமான ஒரு வழி: ஒரு தாக்குதல் என்பது தகவல். உங்களுக்குச் சமமான மூன்று பேர் ஒரே பக்கத்தில் இருந்து வந்து உடைத்தால் அதுதான் பாடம். அதுவரை கையை வைக்காதீர்கள்.

கோபத்தில் பர்ஸைத் திறக்காதீங்க

அடி வாங்கிய உடனே, நமக்குக் கோபம் இருக்கும் அந்த நேரத்தில்தான், கடைக்குள் போய் ஏதாவது வாங்கிவிடலாம் என்று விரல் போகும். கட்டுமானத்துக்கு இரண்டு நாள் காத்திருக்கணுமா, ஜெம்ஸ் இருந்தால் இப்பவே முடியும். ஒரு முறைக்கு சின்னத் தொகைதான். மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

பணம் கட்டினால் சுவர் உயரும், உண்மைதான். ஆனால், எந்தப் பக்கம் சுவர் வேண்டும் என்பது பணம் கட்டினால் தெரிந்துவிடாது. செலவு செய்தே ஆகணும் என்று தோன்றினால், ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். மறுநாளும் வேண்டும் என்று தோன்றினால் அப்போது யோசிக்கலாம். ராத்திரி 12 மணிக்கு மேல் ‘ஒரே ஒரு ரிவெஞ்ச்’ என்று தொடங்குவதும் இதே ரகம்தான். மறுநாள் ஆபீஸில் தூங்கி வழிவது நீங்கள்தான், அவர் இல்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இ-ஸ்போர்ட்ஸை அந்தச் சட்டம் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. ‘இதுவும் ஸ்ட்ராட்டஜி கேம்தான், 100 ரூபாய் போட்டா 1,000 ரூபாய்’ என்று யாராவது லிங்க் அனுப்பினால், அது நாம் இவ்வளவு நேரம் பேசிய விளையாட்டே இல்லை. அதேபோல, இலவச ஜெம்ஸ் தருகிறோம் என்று ஓ.டி.பி. கேட்பவர்கள் உங்கள் கிராமத்தை மட்டுமல்ல, மொத்த அக்கவுன்ட்டையே கொண்டுபோய்விடுவார்கள். அதற்கு ரீப்ளே கிடையாது.

கடைசியாக...

நம்ம கடற்கரையில் மீன் பிடித்துத் திரும்பியவர்கள் நிழலில் உட்கார்ந்து வலை பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். வலை கிழிந்துவிட்டது என்று யாரும் அதைத் தூக்கிக் கடலில் போடுவதில்லை. அவசரத்தில் புது வலை வாங்க ஓடுவதும் இல்லை. வலையைக் கையில் எடுத்துத் தள்ளிக்கொண்டே வந்து, கிழிசல் எங்கே என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் பின்னுவார்கள். மறுநாள் அதே வலையோடு கடலுக்குப் போவார்கள்.

இன்றைக்குக் காலையில் உங்கள் கிராமம் அடிபட்டிருந்தால், ஷீல்டு முடிய இன்னும் நேரம் இருக்கும். ரீப்ளேவைத் திறங்கள். கிழிசல் எங்கே என்று பாருங்கள்.