டா-டி-டா: ஓர் அபூர்வக் கணினிக்கு மோர்ஸ் ஆசிரியர்

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் பெயரையே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸின் வாரிசு அது. முதல் பதிப்பு 1993இல் வந்தது. விண்டோஸுக்கு எழுதிய மென்பொருள் இதில் அப்படியே ஓடாது. ஆகவே இந்தத் தளம் ஓடும் கணினியை வைத்திருக்கும் ஒருவருக்கு மோர்ஸ் தந்திக் குறியீட்டைக் கற்கும் ஆசை வந்தால், தனக்கேற்ற பயிற்சி நிரல் எங்கே கிடைக்கும் என்ற கவலையும் கூடவே வந்துவிடும்.

தேடத் தொடங்கியதுமே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ‘மோர்ஸ்’ என்றே ஒரு கட்டளை அந்த இயங்குதளத்தோடு வருகிறது. பெர்க்லி காலத்து விளையாட்டு நிரல்களில் மிஞ்சியது. பழைய கையேட்டில் அதற்கும் இன்னும் இரண்டு நிரல்களுக்கும் சேர்த்து ஒரே பக்கம்: ஒன்று நீங்கள் தட்டும் எழுத்துகளைத் துளை அட்டையாக வரைந்து காட்டும், மற்றொன்று துளைநாடாவாக. மோர்ஸ் நிரலோ ஒவ்வோர் எழுத்துக்கும் ‘டிட்’, ‘டா’ என்று சொற்களாகவே திரையில் அச்சிடும். வேண்டுமென்றால் புள்ளியும் கோடுமாகவும் தரும்.

வேடிக்கை பார்க்க நல்ல நிரல்தான். ஆனால் திரையில் வரும் புள்ளி கோடுகளைப் பார்த்து மோர்ஸ் கற்கப் புகுந்தவர் பின்னால் அதையெல்லாம் மறக்கப் பாடுபட வேண்டியிருக்கும். ஏன் என்பதைக் கணக்கே சொல்லும்.

மோர்ஸில் எல்லாமே ஓர் அலகு நேரத்தின் மடங்குகள். புள்ளிக்கு ஓர் அலகு, கோட்டுக்கு மூன்று. ஓர் எழுத்தின் உறுப்புகளுக்கு இடையில் ஓர் அலகு மௌனம், எழுத்துகளுக்கு இடையில் மூன்று, சொற்களுக்கு இடையில் ஏழு. வேகத்தை அளக்க ‘பாரிஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை உரைகல்லாக வைத்திருக்கிறார்கள். பின்னால் வரும் மௌனத்தையும் சேர்த்தால் அது மிகச் சரியாக 50 அலகு. நிமிடத்துக்கு 20 சொல் என்றால் 1,000 அலகு, அதாவது ஒரு புள்ளி 60 மில்லிவினாடி. ‘க்யூ’ என்ற எழுத்து டா-டா-டி-டா. மொத்தம் 13 அலகு, முக்கால் வினாடிக்குச் சற்று மேல். அந்த நேரத்துக்குள் கோடு எத்தனை, புள்ளி எத்தனை என்று எண்ணி, மனத்திரையில் ஓர் அட்டவணையைக் கொண்டுவந்து, எழுத்தைக் கண்டுபிடித்து எழுதுவதற்குள் அடுத்த எழுத்து பாதி போயிருக்கும். வேகம் குறைவாக இருக்கும்வரை எண்ணிச் சமாளிக்கலாம். நிமிடத்துக்குப் பத்துச் சொல்லை நெருங்கும்போது அந்தப் பழக்கமே சுவராக நின்று மறிக்கும்.

இதில் பழைய கதை ஒன்று திரும்ப நடக்கிறது. 1844 மே மாதம் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே சாமுவேல் மோர்ஸ் தன் தந்தியைப் பொதுவில் இயக்கிக் காட்டியபோது, அது கண்ணுக்கான கருவியாகத்தான் இருந்தது. ஓடும் காகித நாடாவில் ஓர் ஊசிமுனை தடம் பதிக்கும், அலுவலர் அதைப் பார்த்துப் படிப்பார். கருவி எழுப்பிய ‘டக் டக்’ ஓசை யாரும் கேட்டு வாங்காத உபரி. ஆனால் நாளெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, நாடாவைப் பார்க்காமலே செய்தி புரியத் தொடங்கிவிட்டது. மேலதிகாரிகள் இதை முதலில் விரும்பவில்லை என்று சொல்வார்கள். நாடா என்றால் சாட்சி உண்டு, காதுக்கு என்ன சாட்சி? கடைசியில் வேகம் வென்றது. நாடா ஒழிந்து, ஓசை எழுப்பும் கருவி மட்டும் மேசையில் நின்றது. கண்ணுக்கென்று செய்த குறியீட்டைக் காதுக்கு மாற்றியது கண்டுபிடித்தவர் அல்ல, வேலை பார்த்தவர்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

காது எப்படிக் கற்கிறது என்பதை இண்டியானா பல்கலைக்கழகத்தின் வில்லியம் பிரையனும் நோபிள் ஹார்ட்டரும் 1897இலும் 1899இலும் வெளியிட்ட ஆய்வுகளில் வரைபடமாகவே காட்டினார்கள். அனுப்பும் திறன் சீராக ஏறுகிறது. வாங்கும் திறன் ஓரளவு ஏறி, வாரக்கணக்கில் அசையாமல் நின்று, பிறகு மறுபடி ஏறுகிறது. அந்தத் தேக்கத்தின்போது எழுத்தெழுத்தாகக் கேட்ட காது, சொல்சொல்லாகக் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

1930களில் ஜெர்மனியில் லுட்விக் காஹ் என்ற உளவியலாளர் இன்னும் ஒரு படி போனார். மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டுவதே தவறு என்றார் அவர். மெதுவாக ஒலிக்கும்போது புள்ளியும் கோடும் தனித்தனியாகக் கேட்கும். வேகமாக ஒலித்தால் எழுத்து முழுவதும் ஒரே தாளக்கட்டாகக் கேட்கும். இரண்டும் வேறு வேறு அனுபவம் என்பதால் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஏறிப்போக முடியாது. எனவே முதல் நாளிலிருந்தே இலக்கு வேகம், ஆனால் இரண்டே எழுத்துகள். பத்தில் ஒன்பது சரியாக வந்தால் மூன்றாவது எழுத்து, பிறகு நான்காவது. இன்றைய நிரல்கள் பல, ‘கே’, ‘எம்’ என்ற இரண்டிலும் தொடங்குகின்றன. டா-டி-டா, டா-டா. இம்முறையில் 15 மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சியில் நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தைத் தம் மாணவர்கள் தொட்டதாக காஹ் பதிவு செய்தார்.

அப்படியிருந்தும் இந்த முறை நெடுங்காலம் பரவவில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் அவர் நிலைக்கேற்ற எழுத்துகளைக் கலைத்துப்போட்டு, பிசகாத தாளத்தில் அனுப்பி, விடையைத் திருத்திச் சதவீதம் போட, மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். ஒலிநாடா வந்தும் பயனில்லை. நான்கு முறை கேட்டால் நாடா மனப்பாடமாகிவிடும். காஹ் முறை காத்துக்கிடந்தது கணினிக்காக. எழுத்தைக் கலைத்துப்போடுவதும், அலுக்காமல் திரும்ப ஒலிப்பதும், மதிப்பெண் போடுவதும் அதற்கு மிக எளிய வேலைகள்.

எவ்வளவு எளிது என்று பாருங்கள். புள்ளிக்குச் சுழி, கோட்டுக்கு ஒன்று, எங்கே தொடங்குகிறது என்று காட்ட முன்னால் ஓர் ஒன்று. இப்படி வைத்தால் ‘ஏ’ (டி-டா) இரும எண்ணில் 101 ஆகிறது. ஆறு உறுப்பு கொண்ட நிறுத்தக்குறிகூட ஒரே பைட்டில் அடங்கும். ஆங்கில எழுத்து 26, எண் 10, ஆக முழு அட்டவணையும் 36 பைட். ‘திருநெல்வேலி’ என்ற ஊர்ப்பெயரை யுடிஎஃப்-8 முறையில் கணினியில் எழுதிவைக்கவும் அதே 36 பைட்தான் பிடிக்கும்! இந்த அளவுக்குச் சிறிய அறிவை எந்தப் பழைய பெட்டியாலும் சுமக்க முடியும்.

அப்படியென்றால் அபூர்வக் கணினிக்காரரின் கஷ்டம் எங்கே? ஒலியில். லினக்ஸ் ஒலியை ஒரு வழியில் கையாள்கிறது, ஃப்ரீபிஎஸ்டி இன்னொரு வழியில், ஓபன்பிஎஸ்டி மூன்றாவது வழியில். ஒரு தளத்துக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் அழகாகத் திறந்து, எல்லாப் பொத்தானும் வேலைசெய்து, ஊமையாக உட்கார்ந்திருக்கும். மோர்ஸ் நிரலுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

பழைய வழி ஒன்று உண்டு. ஐபிஎம் பிசி குடும்பக் கணினிகளின் உள்ளே பீப் என்று கத்தும் சின்ன ஒலிபெருக்கி இருந்தது. வினாடிக்கு ஏறத்தாழ 11,93,182 முறை துடிக்கும் கடிகாரச் சைகையை ஒரு சில்லு வாங்கி, நாம் சொல்லும் எண்ணால் வகுத்துத் தரும். 1,988ஆல் வகுத்தால் 600 ஹெர்ட்ஸ், காதுக்கு இதமான மோர்ஸ் சுருதி. ஃப்ரீபிஎஸ்டியின் விளையாட்டு நிரலுக்கு ‘பி’ என்ற தெரிவைக் கொடுத்தால், அச்சிடுவதை விட்டுவிட்டு இந்த ஒலிபெருக்கியில் உண்மையாகவே ஒலிக்கும். வேகத்தையும் சுருதியையும் மாற்றலாம். துளை அட்டையோடு பிறந்த பொம்மைக்குள் பாதி ஆசிரியர் ஒளிந்திருக்கிறார். ஆனால் எழுத்தைக் கலைத்துப்போட்டுத் தர மாட்டார், விடை திருத்த மாட்டார். தவிர, பல புதிய மடிக்கணினிகளில் அந்த ஒலிபெருக்கியே கிடையாது.

முழு ஆசிரியர் வேண்டுமானால் யூனிக்ஸ்சிடபிள்யூ என்ற தொகுப்பைத்தான் நான் முதலில் சொல்வேன். பழைய பீப்பருக்கும் ஒலியட்டைக்கும் தனித்தனி வழி வைத்திருக்கிறது. முனையத்தில் ஒரு முகம், சாளரத்தில் ஒரு முகம். ஆல்டோ இன்னும் எளியது. க்யூஆர்க்யூ வானொலி நிலையங்களின் அழைப்புக்குறிகளை மேலும் மேலும் வேகமாக அனுப்பிச் சோதிக்கும். அது ஓரளவு தேறியவர்களுக்கு. எதையும் நிறுவ மனமில்லாதவர்கள் உலாவியில் இயங்கும் எல்சிடபிள்யூஓ தளத்துக்குப் போகலாம். காஹ் பாடங்கள் வரிசையாக இருக்கின்றன. உலாவி ஒலியெழுப்பினால் போதும், இயங்குதளம் எதுவென்று அது கேட்பதில்லை.

நிரலைத் தானே எழுதத் துணிபவருக்கு ஒரு குறிப்பு. ஒலியைச் சட்டென்று தொடங்கிச் சட்டென்று வெட்டினால் ஒவ்வொரு புள்ளியின் இரு முனையிலும் ‘க்ளிக்’ என்று உறுத்தும். அலையைத் திடீரென்று அறுத்தால் அதில் இல்லாத அதிர்வெண்கள் பலவும் சிதறிப் பிறக்கும் என்பதே காரணம். ஐந்து மில்லிவினாடியில் மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினால் உறுத்தல் போய்விடும். வானொலியில் இதைக் கவனிக்காதவரின் ‘க்ளிக்’ பக்கத்து அலைவரிசைக்காரரின் காதில் போய் விழும்.

கேட்டுப் பழகுவதற்குத்தான் கணினி. மோர்ஸ் கீயை அழுத்தி அனுப்பிப் பழக அதை நம்பாதீர்கள். இன்றைய இயங்குதளங்கள் ஒலியைச் சிறு சிறு மூட்டைகளாகக் கட்டி வரிசையில் வைத்துத்தான் வெளியே விடுகின்றன. விரல் அழுத்தியதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையில் 100 மில்லிவினாடி தாமதம் வந்தாலும், நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் அது ஒரு முழுப் புள்ளி. கை ஒரு தாளத்தில் போகும், காது பின்தங்கிக் கேட்கும், இரண்டும் சேர்ந்து குழம்பும். 555 என்ற மலிவான சில்லு, இரண்டு மின்தடை, மின்தேக்கி, ஒன்பது வோல்ட் பேட்டரி, சின்ன ஒலிபெருக்கி ஆகியவற்றை வைத்து ஒரு மாலையில் பற்றவைத்துவிடக்கூடிய சுற்றில் இந்தத் தாமதம் இல்லை. அதற்கு இயங்குதளமும் வேண்டாம்.