மூளைக்கு மூலிகை: இதெல்லாம் தெரியுமா?

ஜெர்மன் மகாகவி கெதே 1815இல் ஒரு மரத்தின் இலையைப் பற்றிக் கவிதை எழுதினார். நான்கே ஆண்டு கழித்து ரூங்கே என்ற இளம் வேதியியலாளரிடம் கொஞ்சம் காப்பிக்கொட்டையைக் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கச் சொன்னார். அந்த இலை ஜின்கோ. கொட்டையிலிருந்து ரூங்கே பிரித்தெடுத்தது காஃபின்! இன்று கவனத்துக்கும் சுறுசுறுப்புக்கும் என்று விற்கும் டப்பாக்களில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்களில் இவை இரண்டும் உண்டு. ஜெயித்தது எது தெரியுமா?

ஜின்கோ லேசுப்பட்டதல்ல. டைனோசர் காலத்து வம்சம். 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்த இடத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் நின்ற சில ஜின்கோ மரங்கள் கருகி, மறுபடி துளிர்த்து, இன்றும் நிற்கின்றன! குண்டுக்கே அசராத மரம் மறதிக்கா அசரும்? அசந்துவிட்டது. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலுமான 3,069 பேரில் ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் ஜின்கோ சாறும், மறு பாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து, சுமார் ஆறு ஆண்டு கவனித்தார்கள். 2008இல் வந்த முடிவு: ஜின்கோ டிமென்ஷியா என்ற மறதிநோயைத் தடுக்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஜின்கோவைத் தொடவே கூடாது. ரத்தக்கசிவு ஆபத்து உண்டு.

காஃபினுக்கோ வேலையைக் காட்ட அரை மணி நேரம் போதும்; ஜெயித்தது அதுதான். அமேசான் காட்டில் குவரானா என்றொரு கொடி இருக்கிறது. அதன் பழம் வெடித்தால் வெள்ளைச் சதைக்கு நடுவே கறுப்பு விதை, அசல் மனிதக் கண் போலவே முறைக்கும்! காப்பிக்கொட்டையில் இருப்பதைவிட அதில் காஃபின் அதிகம். ஆக, 'மூலிகைச் சக்தி' என்று டப்பாவில் போட்டு, பொடி எழுத்தில் குவரானா என்றிருந்தால், நீங்கள் காசு கொடுப்பது காப்பியின் பங்காளிக்கு.

நம்மூர்ச் சரக்குக்கு வருவோம். வாய்க்கால் ஓரச் சேற்றில் படர்கிற நீர்ப்பிரமியைப் பார்த்திருப்பீர்கள்: குட்டிக் குட்டியாய் சதைப்பிடிப்பான இலை, வெளிறிய பூ. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆரோக்கியமானவர்களுக்கு 300 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் 12 வாரம் விடாமல் சாப்பிட்டவர்களிடம் கற்கும் வேகமும், கற்றது மனதில் தங்குவதும் கூடியிருந்தன! 2001இல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான். இருந்தாலும் என் ஓட்டு இந்தச் செடிக்கே. என்ன ஒன்று, மார்ச்சில் பொதுத்தேர்வு என்றால் டிசம்பரிலேயே ஆரம்பிக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரி விழுங்கினால் மிஞ்சுவது குமட்டலாகவும் இருக்கலாம்.

வல்லாரை இதற்கு உறவே இல்லை, தெரியுமா? அது கொத்துமல்லி, கேரட் குடும்பம்! ஆனால் பிரமி என்ற பெயரில் இரண்டுமே விலைபோகின்றன. எனவே டப்பாவில் தாவரவியல் பெயரைப் பாருங்கள்: பக்கோபா என்றால் நீர்ப்பிரமி, சென்டெல்லா என்றால் வல்லாரை. வல்லாரை ஞாபகசக்தியைக் கூட்டும் என்பதற்குச் சான்று இன்னும் மெலிவுதான். உளுத்தம்பருப்பு, புளி, மிளகாயோடு வதக்கி அரைத்த வல்லாரைத் துவையலின் ருசிக்குச் சான்று கேட்பாரில்லை.

ஜின்செங்? 1784இல் நியூயார்க்கிலிருந்து சீனாவுக்குப் புறப்பட்ட முதல் அமெரிக்க வணிகக் கப்பல் ஏற்றிப்போன சரக்கில் சுமார் 30 டன் இந்த வேர்! கதை பிரமாதம். ஆரோக்கியமானவர்களின் மூளைத்திறனை அது கூட்டும் என்று நம்பத்தக்க சான்றில்லை என 2010இல், பல ஆய்வுகளைத் தொகுத்து அலசும் கோக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு சொல்லிவிட்டது.

கடைசியாக ஒன்று. ஜப்பானியர்கள் 1949இல் தேயிலையிலிருந்து தியானைன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதையும் காஃபினையும் சேர்த்துக் கொடுத்தால் கவனம் சற்றுக் கூடுவதாகச் சில சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. கவனத்துக்கென்று பளபளக்கும் டப்பாக்களில் வரும் ஜோடி இதுதான். டீக்கடை டம்ளரிலும் இதே ஜோடி உண்டு. தியானைன் அளவு மட்டும் மாத்திரையில் பல மடங்கு அதிகம்.